திருமுக்கூடலில் நின்ற வண்டி

புதிதாகக் கார் வாங்கியவர்களிடம் ஒரு விசித்திரமான குணத்தைக் கவனித்திருக்கிறேன். முதல் மாதம் முழுவதும் அவர்கள் காரைப் பற்றித் தாங்களாகவே பேசுவார்கள். நாம் வேறு பேச்சை எடுத்தாலும் சுற்றி வளைத்து அங்கேயே வந்து சேருவார்கள். சில மாதம் சென்ற பிறகு நாமாகவே, "கார் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டால், "ஓடுகிறது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, மழை வருமா வராதா என்று ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஒருவர் ஆகாயத்தைப் பார்த்தால், அவருடைய வண்டியில் கோளாறு இருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ளலாம்.

என் நண்பர் ஒருவர் அப்படி ஆகாயம் பார்க்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முப்பத்து மூன்று ஆண்டு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியாது. "இனிமேலாவது நாலு கோயில் குளம் பார்க்கலாம்" என்று, சேமநிதிப் பணத்தில் பெரும் பகுதியைப் போட்டு, வெள்ளை நிறத்தில் புத்தம் புதிய கார் ஒன்று வாங்கினார். முன்னால் மூக்கும் பின்னால் பெட்டியுமாக, பார்ப்பதற்கு லட்சணமான வண்டி. அதன் பெயர் நமக்கு வேண்டாம். எந்தப் பெயரைச் சொன்னாலும், அதே பெயருள்ள வண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் வருத்தப்படுவார்.

அந்தக் காரில் ஒரு நாள் காலையில் நாங்கள் மூவரும் திருமுக்கூடலுக்குப் புறப்பட்டோம். தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர், வண்டலூர், மறைமலை நகர் வழியாகச் செங்கற்பட்டு. அங்கிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் திரும்பினால் பழைய சீவரம். அங்கே பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி என்ற மூன்று ஆறுகளும் கூடும் இடம். ஆண்டில் பெரும் பகுதியில் அங்கே கூடுவது மூன்று மணல் வெளிகள்தாம். ஆனாலும் அந்த அகன்ற மணலைப் பார்த்துக்கொண்டு நின்றால், தண்ணீர் இல்லாத ஆற்றுக்கும் ஒரு கம்பீரம் உண்டு என்று தோன்றுகிறது.

பாலத்தைக் கடந்தோமோ இல்லையோ, காரின் முன்பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று பளிச்சென்று எரிந்தது. தொடர்ந்து, படமும் வழியும் காட்டிக்கொண்டிருந்த தொடுதிரை இருண்டுபோயிற்று. வண்டி இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

"ஒன்றுமில்லை. சில சமயம் இப்படி விளக்கு எரியும்" என்றார் நண்பர்.

"சில சமயமா? அண்ணா, இவர் சொல்வதை நம்பாதீர்கள். வாங்கின பதினோராம் நாளிலிருந்து எரிகிறது" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி.

பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளி வந்தது. விளக்கு எரிவது ஒன்று, ஏ.ஸி. தண்ணீர் காலடியில் கசிந்து விரிப்பு நனைவது இரண்டு. வலது பின்கதவில் ஒரு கிறீச் சத்தம் மூன்று. நான்கு முறை பட்டறைக்குப் போய்விட்டு வந்தாயிற்று. நான்கு முறையும், "கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டவில்லை, ஸார்" என்று கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"எழுத்து மூலம் புகார் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

நண்பர் ஆகாயத்தைப் பார்த்தார். "எதற்கு? இத்தனை பணம் போட்டு இதைப் போய் வாங்கினானே என்று நாலு பேர் சிரிப்பதற்கா?" என்றார்.

இதுதான் நான் யோசிக்காத காரணம். புது வண்டியைக் குறை சொல்வது தம்முடைய புத்தியையே குறை சொல்லிக்கொள்வது போல அவருக்குப் பட்டிருக்கிறது. நோயை மறைக்கிற நோயாளியைப் போல அவர் வண்டியின் நோயை மறைத்துக்கொண்டிருந்தார்.

இழுத்துப் போகும் வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்று டெலிபோனில் சொன்னார்கள். வெயிலுக்கு ஒதுங்கக் கோயில் இருந்தது. உள்ளே போனோம்.

* * *

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்குச் சரித்திர மாணவர்கள் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. சோழ அரசன் வீரராஜேந்திரன் காலத்து, அதாவது பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. அர்ச்சகரே அதைக் காட்டினார். "வைத்தியசாலைக் கல்வெட்டுதானே பார்க்க வந்தேள்? எல்லாரும் பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே இங்கேதான் வருவா" என்றார்.

அந்தக் கோயிலைச் சேர்ந்து வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் ஒரு கல்லூரி இருந்தது. மாணவர்கள் தங்க விடுதி இருந்தது. அவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமாக 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி ஒன்றும் இருந்தது. பதினைந்து படுக்கைகள். நோய் பார்க்க ஒரு வைத்தியர். அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு பேர். நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். இன்னாருக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓராண்டுக்கு இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், அளவோடு. வாஸா ஹரீதகி, தசமூல ஹரீதகி, கல்யாண லவணம் என்று அந்தப் பெயர்கள் கல்லிலே வெட்டப்பட்டிருக்கின்றன.

"இங்கே வந்தால் நோயே வராது" என்று அந்தக் கல்வெட்டு வாக்குறுதி ஒன்றும் கொடுக்கவில்லை. நோய் வரும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. வந்தால் யார் பார்ப்பது, என்ன மருந்து கொடுப்பது என்பதை நோய் வருவதற்கு முன்பே எழுதி வைக்கிறது. கணக்கு ஆசிரியர் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது அல்லவா கியாரண்டிப் பத்திரம்!" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அன்று காலையில் நாங்கள் கடந்து வந்த பெருங்களத்தூரைப் பற்றி என் மனம் எண்ணத் தொடங்கியது. நோயை ஒப்புக்கொள்ளாததால் ஒரு பெரிய தொழில் எப்படிப் படுத்துவிடும் என்பதற்கு அங்கே ஒரு சரித்திரம் இருக்கிறது.

* * *

இன்றைக்குக் காரை விற்பவர்கள் வாங்குபவரின் வீட்டைத் தேடி வருகிறார்கள். வண்டியை வாசலில் நிறுத்தி, "ஓட்டிப் பாருங்கள்" என்கிறார்கள். நம் தகப்பனார் காலத்தில் நிலைமை நேர் எதிர். வாங்குபவர்தாம் விற்பவரின் வாசலில் நின்றார்.

சுதந்திரம் வந்த பிறகு, கார்கள் நம் நாட்டிலேயே உற்பத்தியாக வேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. நல்ல எண்ணந்தான். பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இடம் என்று 1953-ஆம் ஆண்டில் டாரிஃப் கமிஷன் சொன்னதும், அமெரிக்கக் கம்பெனிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டன. கார் செய்வதில் முக்கியமாக எஞ்சியவை மூன்று கம்பெனிகள். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ். அம்பாஸிடர், பியட், ஹெரால்டு என்ற மூன்று பெயர்களுக்குள் இந்தியாவின் கார் ஆசை முழுவதும் அடங்கிக் கிடந்தது.

1970-ஆம் ஆண்டை ஒட்டிக்கூட நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் செய்யப்பட்ட கார்கள் நாற்பதாயிரத்துக்கும் குறைவு. கேட்பவர்களோ பல மடங்கு. பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். முறை வந்து வண்டியை எடுத்தவர் அன்றைக்கே அதை விற்றால், கொடுத்ததைவிட அதிக விலை கிடைக்கும். இந்த வியாபாரத்தைத் தடுப்பதற்காக 1959-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவே போட வேண்டியிருந்தது. உபயோகித்த பொருள் புதிய பொருளைவிட விலை அதிகம்! புராண காலத்து நெய்க்குத்தான் அந்தப் பெருமை உண்டு என்று நினைத்திருந்தோம்; காருக்கும் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட உலகத்தில் யார் குறை சொல்லுவார்? பிள்ளை வரம் கேட்டுப் பல வருஷம் தவம் கிடந்தவர், பிறந்த பிள்ளையின் மூக்கு சற்றுக் கோணல் என்று சொல்லுவாரா? வண்டி எடுத்த அன்றைக்கே தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், எல்லாத் திருகாணிகளையும் ஒரு முறை இறுக்கிக்கொள்வது வழக்கமாயிற்று. மழை பெய்தால் கதவிடுக்கில் துணியைச் செருகிக்கொள்வது வழக்கமாயிற்று. இந்த வண்டியில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும் என்ற வேடிக்கைப் பேச்சு நாடு முழுவதும் பரவியது. ஆனால் வேடிக்கைப் பேச்சு வேறு, புகார் வேறு. எங்கே புகார் சொல்ல இடமில்லையோ, அங்கேதான் வேடிக்கைப் பேச்சு வளரும்.

கடைசியில் முணுமுணுப்பு டில்லி வரையில் எட்டியது. 1967-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் கார்களின் தரத்தைப் பற்றி விசாரிப்பதற்கென்றே ஒரு குழுவை நியமித்தது. அதற்கு அடுத்தபடியாக விலையைப் பற்றிய தகராறு. 1969-ஆம் ஆண்டில் அரசாங்கமே கார் விலையை நிர்ணயித்து உத்தரவு போட, கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, 1971-ஆம் ஆண்டின் கடைசியில் தீர்ப்பு வந்தது. அரசாங்கமும் கம்பெனிகளும் விலையைப் பற்றி வாதாடிய அந்தக் காலம் முழுவதும், வாங்குபவர் வாசலிலே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மூன்று ஆறுகள் கூட வேண்டிய இடத்தில் இரண்டு ஆறுகளின் சத்தந்தான் கேட்டது.

* * *

இனிப் பெருங்களத்தூர்க் கதைக்கு வருவோம்.

ஸ்டாண்டர்டு கம்பெனி 1948-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்திலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு சென்னையில் தொடங்கியது. முதலில் வான்கார்டு என்ற பெரிய கார். பிறகு சிறிய கார்கள். 1961-ஆம் ஆண்டில் ஹெரால்டு. இத்தாலியச் சித்திரக்காரர் மிக்கெலோட்டி வரைந்த அழகான வண்டி அது. இஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போலத் திறந்துகொள்ளும். சென்னையில் அந்நாளில் இளம் டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் ஹெரால்டின் மேல் ஒரு மயக்கம் இருந்தது. நான்கு கதவு வேண்டும் என்று இந்தியக் குடும்பங்கள் ஆசைப்பட்டன. இங்கிலாந்தில் செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் செய்யப்பட்டது.

ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித் தனியாக ஏறி இறங்கும்படி அமைந்தவை. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நம் சாலைகளுக்கும், நம் ஊர் மெக்கானிக்குகளின் பழக்கத்துக்கும் அது ஒத்து வரவில்லை. ஆகவே 1971-ஆம் ஆண்டில் கெஸல் என்ற அடுத்த கார் வந்தபோது, அந்த நாகரிக அமைப்பை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த பழைய மாதிரி ஒற்றை அச்சையே வைத்தார்கள். இதைப் பின்வாங்கல் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலையும் மெக்கானிக்கும் சொன்னதைக் கம்பெனி காது கொடுத்துக் கேட்ட ஒரு சந்தர்ப்பம் அது. அந்தக் காது பிற்பாடு மந்தமாகிவிட்டதுதான் சோகம்.

கெஸலும் நின்று, கார் செய்வதையே சில ஆண்டுகள் அந்தக் கம்பெனி விட்டுவிட்டிருந்தது. இதற்கிடையில், 1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாருதி வந்து சேர்ந்தது. ஜப்பானிய இஞ்சின், சிறிய உடம்பு, சாவியைத் திருகினால் உடனே கிளம்பிவிடும். 'கார் என்றால் காலையில் நாலு பேர் தள்ள வேண்டும்' என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு வரையில் விதி என்று நினைத்திருந்தது விதியல்ல, வேலைக் குறைதான் என்பது அவர்களுக்கு விளங்கியது.

அந்தச் சமயம் பார்த்து, 1985-ஆம் ஆண்டில், ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காரைப் பெருங்களத்தூரிலிருந்து வெளியிட்டார்கள். அதன் உடம்பு, இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டில் வெளிவந்த ரோவர் காரின் உடம்பு. 1977-ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது அது. ஆயினும் அங்கேயே வாங்கியவர்களுக்குச் சங்கடந்தான். பெயின்ட் உரிந்தது, மின்சாரக் கம்பிகள் மக்கர் செய்தன. நீண்ட மூக்கும் சரிந்த முதுகுமாக, நிற்கும்போதுகூட ஓடுவதுபோலத் தோற்றம் அளிக்கும் வண்டி.

அந்த அழகான உடம்புக்குள் என்ன உயிரை வைத்தார்கள் தெரியுமா? 1947-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான பழைய வான்கார்டு காரின் இஞ்சின் வம்சத்தை! அந்த இஞ்சின் மட்டமானது அல்ல. பெர்குஸன் டிராக்டரில் அது உழுதிருக்கிறது. பந்தயக் கார்களில் அது பறந்திருக்கிறது. தன் காலத்தில் உலகம் மெச்சிய இஞ்சின்தான். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. இங்கிலாந்தில் ஆறு, எட்டு ஸிலிண்டர் வைத்து ஓட்டிய கனத்த உடம்பை, 1,991 ஸி.ஸி. அளவும் எண்பது சொச்சம் குதிரை சக்தியுமுள்ள நாலு ஸிலிண்டர் முதியவர் இழுக்க வேண்டியிருந்தது. மேடு பள்ளமான நம் சாலைகளுக்காக வண்டியை இன்னும் சற்று உயர்த்தினார்கள். விலையோ, அன்றைய இந்தியக் கார்களில் மிகவும் உயர்ந்தவற்றுள் ஒன்று.

வாங்கியவர்கள் யார்? ஆலை முதலாளிகள், சினிமாக்காரர்கள், பெரிய டாக்டர்கள், சொகுசை நாடிய கம்பெனி அதிகாரிகள். வரிசையில் பத்து வருஷம் காத்திருந்த குமாஸ்தா அல்ல அவர்கள். வெளிநாட்டுக் கார்களில் ஏறிப் பார்த்தவர்கள். வண்டி பெட்ரோலை விழுங்குகிறது, விலைக்கு ஏற்ற வேகம் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். முந்தைய தலைமுறை முணுமுணுத்துவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றது. இவர்கள் முணுமுணுக்கவில்லை, வேறு வண்டி வாங்கிக்கொண்டார்கள். 1988-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதே காலத்தில் உத்தர்பாராவிலும் அதே தவறு நடந்தது. வாக்ஸால் என்ற ஆங்கிலக் காரின் உடம்பை எடுத்து, அதில் அம்பாஸிடரின் பழைய இஞ்சினை வைத்து, கான்டெஸா என்ற பெயரில் 1984-ஆம் ஆண்டில் விற்றார்கள். யானைக்குக் குதிரைக் குட்டியைப் பூட்டிய கதைதான். வாங்கியவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே சில ஆண்டுகளுக்குள் ஜப்பானிய இஸூஸு இஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார்கள். வண்டி பிழைத்துக்கொண்டது, 2002-ஆம் ஆண்டு வரையில் ஓடியது. இரண்டு வண்டிகளுக்கும் ஒரே நோய். ஒன்றுக்கு மருந்து கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை.

பெருங்களத்தூர் தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. நல்ல வேலையென்று நம்பி வந்து, தாம்பரத்திலும் வண்டலூரிலும் வாடகை வீடு பிடித்துக் குடித்தனம் செய்த தொழிலாளர்களைப் பற்றி எண்ணிப் பாருங்கள். பழைய இஞ்சினைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள் அல்ல. திருகாணியை இறுக்கியவர்களும் பெயின்ட் அடித்தவர்களும் அவர்கள். யாரோ செவி கொடுக்காமல் விட்ட குறைக்கு அவர்களுடைய அடுப்பு அணைந்தது. பல ஆண்டுகள் சென்று 2006-ஆம் ஆண்டில் சொத்துக்கள் விற்பனையாயின. கிடங்கில் எஞ்சிக் கிடந்த உதிரி பாகங்களை, பழைய கார்களைப் பாதுகாப்பவர்களுக்கு விற்கும் ஓர் ஆங்கில வியாபாரி வாங்கிக் கப்பலேற்றினார். இங்கிலாந்திலிருந்து வந்த உடம்பு இங்கிலாந்துக்கே திரும்பிப் போயிற்று. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. அன்று காலையில் எங்கள் புதிய கார் அவற்றைக் கடந்துதான் வந்தது.

* * *

குறையில்லாமல் ஒரு பொருளைச் செய்யவே முடியாதா என்று கேட்கலாம். முதல் தடவையிலேயே முடியாது என்றுதான் சரித்திரம் சொல்கிறது. இன்றைக்குத் தரத்துக்குப் பெயர்போன டோயோட்டா கம்பெனி, 1957-ஆம் ஆண்டில் கிரௌன் என்ற தன் காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிற்று. ஜப்பானின் கரடுமுரடான சாலைகளுக்காகச் செய்த கனமான வண்டி அது. அமெரிக்காவின் அகன்ற நெடுஞ்சாலைகளில் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறியது. ஜப்பானியர்கள் என்ன செய்தார்கள்? 'எங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டவில்லை' என்று சொல்லவில்லை. அப்பொழுது பட்டறைகளில் கம்ப்யூட்டரும் இல்லை. விற்பனையை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பி, குறைகளைப் படித்து, 1965-ஆம் ஆண்டில் கொரோனா என்ற வேறு காரோடு வந்தார்கள். வென்றார்கள்.

அவர்களுடைய தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது சாதாரணத் தொழிலாளி ஒருவர் ஒரு குறையைக் கண்டால், தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். சரி செய்ய முடியாவிட்டால் வரிசை முழுவதும் நின்றுவிடும். குறை சொன்னவரை அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்தப் பாடம் நம்மால் கற்க முடியாத பாடமும் அல்ல. சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன், ஜப்பானியர் தரத்துக்காக அளிக்கும் டெமிங் பரிசை 1998-ஆம் ஆண்டில் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் கம்பெனி அதுதான். பாடியும் பெருங்களத்தூரும் ஒரே சென்னையின் இரண்டு கோடிகள். மண்ணிலோ மனிதரிலோ குற்றமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

வாங்குபவருக்கும் இன்று பலம் இல்லாமல் இல்லை. 1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019-ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசாங்கமே கம்பெனிக்குக் கட்டளையிடலாம். ஆனால் சட்டம் கண்ணீரைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகக் கியாரண்டியில் எழுதியிருந்தால், முழு வண்டியையும் மாற்றித் தரும்படி கேட்க முடியாது என்று 2006-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டில் வேறொரு வழக்கில், நடுநிலையான நிபுணர் பரிசோதித்து, அது செய்யும்போதே ஏற்பட்ட குறை என்று கண்டால், விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆக, எல்லாம் சாட்சியத்தில் இருக்கிறது. என்றைக்கு, எத்தனையாவது கிலோமீட்டரில், என்ன நடந்தது என்று எழுதி வைத்தவருக்கு நியாயம் கிடைக்க வழியுண்டு. ஆகாயத்தைப் பார்த்தவருக்கு ஆகாயந்தான்.

* * *

இதையெல்லாம் நான் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அர்ச்சகரும் கேட்டுக்கொண்டிருந்தார். "மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரத்திலிருந்து வரதர் பழைய சீவரம் வந்து, இங்கேயும் எழுந்தருளுவார். வருஷா வருஷம் வரார். பெருமாள் வந்த வாகனம் வழியில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை" என்றார்.

"தூக்குகிறவர்களுக்குத் தோள் வலித்தால் உடனே வாய் விட்டுச் சொல்லுவார்கள், ஆள் மாற்றிக்கொள்வார்கள். அதனால்தான்" என்றார் நண்பரின் மனைவி. அந்த அம்மாள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர் அல்லர். ஆனால் நான் ஒரு மணி நேரம் பேசியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சட்டைப் பையிலிருந்த சிறிய நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தார். கணக்கு ஆசிரியர் அல்லவா? தேதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. விளக்கு முதன் முதலில் எரிந்த நாள், அப்போது ஓடியிருந்த தூரம், பட்டறைக்குக் கொண்டுபோன நாலு நாட்கள், அவர்கள் சொன்ன பதில், இன்றைக்குப் பாலத்தின் அருகில் நின்ற நேரம் என்று வரிசையாக எழுதினார். ஒரு சொல் கோபமாக இல்லை. ஒரு சொல் அதிகமாகவும் இல்லை. எதிரே இருந்த கல்வெட்டைப் போலவே இருந்தது.

"இதைப் படித்துவிட்டு என்னைச் சிரிப்பார்களோ?" என்று கடைசியாக ஒரு முறை கேட்டார்.

"சிரிக்கட்டும். பெருங்களத்தூரில் சிரிக்கக்கூட ஆள் இல்லாமல் போயிற்று" என்றேன்.

வெளியே இழுத்துப் போகும் வண்டி வந்து ஹாரன் அடித்தது. எங்கள் வெள்ளைக் காரைச் சங்கிலியில் மாட்டி ஏற்றினார்கள். ஓட்டி வந்த இளைஞன், "புது வண்டி போல இருக்குதே, சார். இன்னா கோளாறு?" என்று கேட்டான்.

நண்பர் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "சொல்கிறேன், தம்பி, கேள். மொத்தம் மூன்று" என்று ஆரம்பித்தார்.